ரயிலடியில் நின்ற வத்சலா

கோயில் மலருக்கு இந்த முறை பெண்களும் எழுதித் தர வேண்டும் என்று சொல்லி, "நீங்கள் அதிகம் வாசித்த எழுத்தாளர்கள்" என்று தலைப்பையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். எட்டாம் வகுப்போடு புத்தகப்பையை ஆணியில் மாட்டிவிட்டு ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போனவள் நான். என்னிடம் போய் இதைக் கேட்கிறார்களே என்று சிரிப்புத்தான் வந்தது. அந்தியில் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்து யோசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

என் வயதுக்காரர்களே, நமக்கு எழுத்தாளர் என்றால் யார்? சாமிப் பாட்டு எழுதியவர்களைத் தினமும் வாசிக்கிறோம், அவர்களை எழுத்தாளர் என்று நினைப்பதில்லை. என் வீட்டுக்காரர் துப்பறியும் கதை எழுதும் ஒருவரை விடாமல் வாசிப்பார். கொலைகாரன் யார் என்று கடைசிப் பக்கத்தில் பார்த்துக்கொண்டு பிறகு நிம்மதியாக முதலில் இருந்து ஆரம்பிப்பார். வரிசை வீடுகளான நம் லயத்து வாழ்க்கையை எழுதியவர்களும் இருக்கிறார்கள், நன்றாக இருக்கட்டும். ஒரு தடவை வாசித்தேன், மறுபடி எடுக்க மனம் வரவில்லை. ஒழுகுகிற கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஒழுகுகிற கூரையைப் பற்றி எத்தனை தரம் வாசிப்பது?

நான் திரும்பத் திரும்ப வாசித்தது ஓர் அம்மாளை. மெட்ராஸில் இருந்து குடும்பக் கதை எழுதியவர். கையில் கிடைத்த அவருடைய கதைகளையெல்லாம் வாசித்தேன், புதிதாக ஒன்றும் கிடைக்காதபோது பழையதையே மறுபடி வாசித்தேன். அவர் பெயரை இங்கே போட மாட்டேன். அவர் காலமாகிவிட்டார். இறந்தவர் மேல் உள்ள கோபத்தைப் பெயர் போட்டுக் கோயில் மலரில் எழுதுவது முறையில்லை.

பிடித்துப்போய் வாசித்தேன் என்று நினைக்காதீர்கள். தேடிக்கொண்டு வாசித்தேன். என்ன தேடினேன் என்று சொல்வதற்கு என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரப்பர் மரங்கள் இலை கொட்டுகிற தை மாதம் அது. தெஹியோவிட்டவுக்கு மேலே எங்கள் தோட்டம். மற்ற மாதங்களில் அந்த மலைக்குள் பகலும் இருட்டாகத்தான் இருக்கும். தையில் மட்டும் வெயில் தரை வரைக்கும் இறங்கும். இலை சிவந்து, உதிர்ந்து, நடந்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரிச் சத்தம் போடும். சிரட்டையில் பால் சொட்டுவது குறைந்துவிடும். கங்காணி மரத்தைத் திட்டமாட்டார், வெட்டுகிற பெண்களைத்தான் திட்டுவார்.

அந்த மாதத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் எனக்கு ஒரு தம்பி பிறந்து, பெயர் வைப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்டான். அம்மா சீக்கிரமே வேலைக்குத் திரும்பினாள். மாரில் பால் கட்டிக்கொண்டு சட்டை நனையும். மரத்தடியில் உட்கார்ந்து பீச்சி மண்ணில் விட்டுவிட்டு, எழுந்து அடுத்த மரத்தை வெட்டுவாள். இதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தபோது விளங்கவில்லை.

எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அப்பாவின் அக்காவும் இருந்தார். அத்தை சொல்வதுதான் அங்கே சட்டம். "ஆம்பளப் புள்ளய தங்க வைக்கத் தெரியாத வயிறு" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வார். அப்பா காது கேளாதவர் மாதிரி பீடியைப் பற்றவைப்பார். அம்மா அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளுவாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் டிஸ்பென்சரி ஐயா வீட்டுக்குப் போவேன். தோட்டத்து மருந்துக்காரர் அவர். யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆட்கள். அவர் வீட்டு அம்மாவுக்கு முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தால் ஒரு துண்டு பனங்கட்டி கிடைக்கும். அவர்கள் வீட்டில் இந்தியப் பத்திரிகை வரும். அதில் வருகிற தொடர்கதையை அந்த அம்மா வாராவாரம் வெட்டியெடுத்து, சேர்த்து வைத்து, சணல் நூலால் தைத்து, மண்ணிறத் தாளில் அட்டை போடுவார். நான் சொல்லும் கதை நீளமானது என்பதால் இரண்டு பாகமாகத் தைத்திருந்தார்.

"வாசிச்சுப்போட்டுக் கிழிக்காமல் கொண்டுவா பிள்ளை. முதல் பாகம் வந்தாத்தான் ரெண்டாம் பாகம் தருவன், விளங்குதோ?" என்று சொல்லி முதல் பாகத்தைத் தந்தார்.

அந்தப் புத்தகத்தின் மணம் இப்போதும் எனக்குத் தெரியும். கோதுமைப் பசை, கற்பூர உருண்டை, கொஞ்சம் டெட்டோல்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. சம்பளத்துக்குப் பெருவிரல்தான். அவள் ரொட்டி தட்டுவாள், நான் அடுப்பு வெளிச்சத்தில் வாசிப்பேன். கதையில் வத்சலா என்று ஒரு பெண். மெட்ராஸில் பெரிய வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கும் ஒரு பிள்ளை பிறந்து தங்கவில்லை. மாமியார் பேசுகிறாள், புருஷன் பேப்பர் வாசிக்கிறான். அம்மா ரொட்டியைத் திருப்ப மறந்துவிடுவாள்.

வெட்டியெடுத்த பக்கங்கள் என்பதால் நடுவில் விளம்பரமும் வரும். நான் அதையும் விடாமல் வாசிப்பேன்.

"கூந்தல் வளர எங்கள் தைலத்தையே வாங்குங்கள்."

"இந்த எண்ணெயத்தான் வச்சலா தேய்க்கிறாளா?" என்றாள் அம்மா.

"இது வெளம்பரம்மா."

"தேய்க்கட்டும் பாவம். தலையில எண்ணெ வச்சு எத்தன நாளாச்சோ அவ."

தம்பி போனதற்குப் பிறகு அம்மா வாயைத் திறந்து பேசியது அந்தக் கதையைப் பற்றித்தான். பகலில் மரத்துக்கு மரம் நடக்கும்போதும் முதல் நாள் கேட்டதைத் தனக்குள்ளே சொல்லிக்கொண்டு போவாள். "ஏய் வச்சலா, அவ கிட்ட வாயக் குடுக்காத." "அழுவாத வச்சலா, கண்ணத் தொடச்சுக்க." வெட்டுக்கத்தி ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.

பக்கத்து நிரையில் வெட்டிய பெண்கள் கேட்டுவிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் வத்சலா என்று ஒருத்தியும் இல்லை. அப்படிப்பட்ட பெயரையே அங்கே யாரும் கேட்டதில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, இலையில்லாத மலை, ஆளில்லாத இடத்தில் பெயர் சொல்லிப் பேச்சு. சாயங்காலத்துக்குள் செய்தி லயம் முழுக்கப் போய்விட்டது. கருகின ரொட்டியை அத்தை முந்தானையில் கட்டிக்கொண்டுபோய் நாலு வீட்டில் காட்டினார்.

"பாருங்கடி, கையில சட்டுவம் இருக்கு, கண்ணு எங்கயோ இருக்கு. மோகினிதான்."

"கோழியடிக்கிறதுன்னா சொல்லி அனுப்பு அக்கா, ஈரலு எனக்கு" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மாவோடு வேலை செய்த ஒரு சிங்களப் பெண்மணி மட்டும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் என் தலையைத் தடவி, "அம்மாக்கு பேய் இல்ல, துவ. துக்க" என்றார். பேயில்லை மகளே, துக்கம் என்று. அதை அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "அவுங்களுக்கு நம்ம சாமி விசயம் என்னா தெரியும்" என்றார் அப்பா.

இதற்குள் முதல் பாகம் முடிந்துவிட்டது. வத்சலா விடியும் முன்னே ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியே வருகிறாள். ரயிலடிக்குப் போகிறாள். டிக்கெட் வாங்குகிறாள். தூரத்தில் ரயில் வருகிற சத்தம் கேட்கிறது. அதுதான் நூல் தைத்த கடைசித் தாள்.

"மிச்சம்?" என்றாள் அம்மா.

"ரெண்டாம் பாகத்துல இருக்கு. திங்கக்கெழம இதக் குடுத்துட்டு வாங்கிட்டு வாறேன்."

"நாளைக்கே போயேன்."

"நாளைக்கு ஞாயித்துக்கெழமம்மா. அந்த வீட்ல கீரை வாங்க மாட்டாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பேயோட்டக் கோடாங்கி வந்தார்.

லயத்து வாசலில் உச்சிவெயில் நேரத்தில் அம்மாவை மணை போட்டு உட்காரவைத்தார்கள். தலைமயிரை அவிழ்த்துவிட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையால் அடித்தார் கோடாங்கி. உடுக்கைச் சத்தம் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. அப்பா ஒரு சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். அத்தை சாம்பிராணி போட்டார்.

"யாரு நீ? பேரச் சொல்லு!"

வேப்பிலை மறுபடி விழுந்தது.

"மாரியாத்தா மேல ஆண, பேரச் சொல்லு!"

அம்மா தலையைத் தூக்கினாள். "வச்சலா."

கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. கோடாங்கிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"எந்த ஊரு?"

"மெட்ராசு."

"அட, கடல் தாண்டி வந்த பேயா!" என்றது பின்னால் ஒரு குரல். "பாஸ்போர்ட்டு கேளுங்க."

"வாய மூடுங்கடா. எப்படிச் செத்த நீ?"

"நா சாகல."

"சாகாம இங்க என்னா வேல? ஏன் இவளப் புடிச்ச?"

"இவதான் என்னயப் புடிச்சுக்கிட்டு இருக்கா."

கோடாங்கி உடுக்கையை நிறுத்தினார். குனிந்து, கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டார். "ஒனக்கு என்னா வேணும்? கோழியா, சேலையா, சாராயமா? கேளு. கேட்டத வாங்கிக்கிட்டுப் போயிரணும்."

"மிச்சக் கதை."

"என்னா?"

"மிச்சக் கதை வேணும். பொட்டியத் தூக்கிக்கிட்டு ரயிலடியில நிக்கிறா. அப்புறம் என்னான்னு தெரியணும்."

நான் பாய்ந்து போனேன். "அது கதப் புஸ்தகம்! வத்சலா கதையில வர்ற பொம்பள! ரெண்டாம் பாகம் டிஸ்பென்சரி ஐயா வீட்ல இருக்கு!" என்று கத்தினேன். கோடாங்கி என் நெற்றியில் திருநீற்றை அறைந்தார். "புள்ளைக்கும் தொத்தியிருக்கு. அங்கிட்டுக் கொண்டுபோங்க." அத்தை உள்ளே ஓடினார். புத்தகம் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கேட்டதைக் கொடுத்தால் பேய் போய்விடும் என்பது அவர்கள் சட்டம்தானே? கொடுத்துவிடலாம் என்று நினைத்து நான் டிஸ்பென்சரி வீட்டுக்கு ஓடினேன். சருகில் கால் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். அந்த அம்மா மத்தியானத் தூக்கத்தில் இருந்து எழுந்து வந்தார். மூச்சு வாங்க நான் சொன்னதை வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"முதல் பாகம் எங்கை?"

"லயத்துல இருக்குங்கம்மா. ரெண்டாம் பாகத்தக் குடுங்க, இப்பவே அதக் கொண்டாந்து தாறேன்."

"அது சரிவராது பிள்ளை. அதைக் கொண்டுவந்து தா, இதைக் கொண்டு போ. உங்கட பேய்க் கூத்துக்கு என்ர புத்தகமோ கிடைச்சது?"

உள்ளே அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் மண்ணிறத் தாள் அட்டை தெரிந்தது. எட்டிக் கை வைத்தால் எடுத்துவிடலாம் போல் தெரிந்தது.

திரும்பி ஓடிவந்தபோது வாசலில் புகை. ரப்பர்ச் சருகைக் குவித்து, அதன் மேல் புத்தகத்தை வைத்து, கற்பூரம் கொளுத்திவிட்டார்கள். பேய் குடியிருந்த வீட்டை எரித்தால்தான் பேய் போகும் என்றாராம் கோடாங்கி. "அனே, அது பொத்த ஒண்ணுதானே, வெறும் புஸ்தகம்தானே" என்று அந்தச் சிங்களப் பெண்மணி வேலியோரத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. சணல் நூல் எரிகிற நாற்றம் வந்தது. தாள்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டு எழுந்து, தலைமயிர் தைல விளம்பரத்தில் இருந்த பெண்ணின் முகம் ஒரு நொடி தெரிந்து கறுத்தது.

அம்மா அழவில்லை. நெருப்பையும் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை.

அவள் உச்சிமயிரில் ஒரு கொத்தை வெட்டி, ஓடைக்கரைப் பலாமரத்தில் ஆணியடித்துவிட்டு, சேவலையும் சாராயத்தையும் வாங்கிக்கொண்டு கோடாங்கி போய்விட்டார். அந்தப் பலாமரத்துப் பழத்தை அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் யாரும் தின்னவில்லை. அம்மா மட்டும் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்தாள்.

சுகமாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். மரங்களோடு பேசுவதை விட்டுவிட்டாள். ரொட்டி கருகவில்லை. "பாத்தியா, கோடாங்கி கை ராசியான கை" என்றார் அத்தை. டிஸ்பென்சரி அம்மா, "லயத்துக்குப் புத்தகம் குடுத்த என்னைச் சொல்லோணும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அடுத்த வருடம் அவர்கள் எம்பிலிப்பிட்டிய பக்கம் மாறிப்போனார்கள். இரண்டாம் பாகமும் அவர்கள் பெட்டியோடு போய்விட்டது.

அம்மா நடித்தாளா, நிஜமாகவே ஏதோ வந்ததா? இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். அவள் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒருவர் "ஒனக்கு என்னா வேணும்" என்று கேட்டார். அதையும் அவளிடம் கேட்கவில்லை, பேயிடம் கேட்டார்கள். கோழி கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். சேலை கேட்டிருந்தால் கடன்பட்டாவது எடுத்திருப்பார்கள். அம்மன் பேரைச் சொல்லித்தான் கேட்டார்கள். அம்மன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. திருநீறு பூசாமல் இன்றைக்கும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டேன். ஆனால் அவள் பேரில் கேட்டுவிட்டுக் கொடுக்காமல் போனவர்களை அவள் மன்னித்தாலும் என்னால் முடியவில்லை. அப்பாவும் அத்தையும் இப்போது இல்லை. திதி கொடுக்கிறேன், மனசு கொடுக்கவில்லை.

நானும் பால் வெட்டப் போன பிறகு, ஒரு நாள் பால் சொட்டி முடிகிற வரைக்கும் அம்மாவும் நானும் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தோம். வெற்றிலையைக் கிழித்துக்கொண்டே கேட்டாள்.

"அவ ரயில்ல ஏறியிருப்பாளா?"

யார் என்று நான் கேட்கவில்லை. "தெரியலம்மா" என்றேன்.

"ஏறியிருப்பா. டிக்கெட்டு எடுத்துட்டாள்ல."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவேயில்லை. அம்மா அவிசாவளை ஸ்டேஷனை வெளியில் இருந்து பார்த்திருக்கிறாள். ரயிலில் ஏறியதில்லை.

அப்போது ஆரம்பித்ததுதான் என் வாசிப்பு. குருவிட்டவில் பழைய புத்தகம் விற்றவரிடம், பள்ளிக்கூடத்து அலமாரியில், கல்யாண வீட்டுக்கு வந்த உறவுக்காரர் பையில் என்று அந்த எழுத்தாளர் அம்மாளின் கதை எங்கே கண்டாலும் விடமாட்டேன். வத்சலா கதை கிடைக்கவில்லை. மற்றக் கதைகளில் பெண்கள் அழுதார்கள், பொறுத்தார்கள், பொறுத்ததற்காக எல்லோரும் அவர்களைப் புகழ்ந்தார்கள். ஒருத்தியாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள் என்று மறுபடி முதலில் இருந்து வாசிப்பேன். எங்கேயோ நான் சரியாகக் கவனிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா சொல்லியிருக்கிறாளே, ஏறியிருப்பாள் என்று.

அம்மா போய் வெகுகாலமாகிறது. போன மாதம், அவிசாவளையில் கார்மெண்ட் வேலைக்குப் போகும் என் மகள் போனை நீட்டினாள். "அம்மா, ஒங்க வத்சலா கெடச்சுட்டாங்க." யாரோ பழைய பத்திரிகைகளைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தந்தாள். முதல் பாகத்து வரிகள் எனக்கு மனப்பாடமாகவே இருந்தன. ரயில் சத்தம் கேட்கிற இடத்துக்கு வந்ததும் அடுத்த பக்கத்தைத் தள்ளினேன்.

புருஷன் ஸ்டேஷனுக்கு ஓடிவருகிறான். ஒரு வார்த்தை கூப்பிடுகிறான். வத்சலா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் காலில் விழுகிறாள். டிக்கெட்டைக் கிழித்துத் தண்டவாளத்தில் போடுகிறாள். ரயில் அவள் இல்லாமல் போகிறது. வீட்டுக்கு வந்ததும் மாமியார் ஆரத்தி எடுக்கிறாள். அதற்குப் பிறகு இன்னும் எத்தனையோ வாரம் கதை போகிறது, சமையலும் சீமந்தமுமாக.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எங்கள் வாசலில் எரித்தது பாதியைத்தான். மீதிப் பாதியை எழுதியவரே எரித்திருக்கிறார்.

இந்த மாதம் அம்மாவின் திதி. அவள் விரும்பிக் கேட்டதைத்தான் இலையில் படைக்க வேண்டும் என்பது நம் வழக்கம். பருப்புவடை, வெற்றிலை, கருப்பட்டி போட்ட தேத்தண்ணி எல்லாம் வைப்பேன். மகள் கேட்டாள், "அம்மாயி கேட்ட கதைதான் கெடச்சிருச்சே. படத்துக்கு முன்னால ஒக்காந்து வாசிச்சுக் காட்டுங்களேன்."

"வேணாம்" என்றேன்.

"ஏன்? அவங்க கேட்டதுதானே?"

"அவ கேட்டது இது இல்ல."

நேற்று பஸ் ஏறி அவிசாவளைக்குப் போனேன். ஸ்டேஷன் கவுண்டரில் நின்று கொழும்புக்கு ஒரு டிக்கெட் கேட்டேன். இலையில் வடைக்குப் பக்கத்தில் வைப்பதற்கு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையன் சிங்களத்தில் கேட்டான், போறதுக்கு மட்டுமா, திரும்பி வரவும் சேர்த்தா என்று.

"யன்ன விதரய், புத்தா" என்றேன்.

போறதுக்கு மட்டும்தான், மகனே.